குதிரும் குத்தகையும்: மின்சாரக் காருக்கு ஏன் கூடுதல் விலை?

(காட்சி: மன்னார்குடி அருகே ஓர் ஓட்டு வீடு. தாழ்வாரச் சுவரில் பழைய 15 ஆம்பியர் பிளக். அதில் செருகிய சார்ஜரில் சிவப்பு விளக்கு.)

கார் வந்த முதல் இரவு. சித்தப்பா சார்ஜரைச் செருகிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு மாறவேயில்லை. மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "ஐயா, எர்த்துக்கு ஓட்டை இருக்கிறது, பின்னால் கம்பிதான் இல்லை."

கிரைண்டரும் மிக்சியும் முப்பது வருடம் பொறுத்துக்கொண்டதை இந்த வண்டி பொறுக்கவில்லை. கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, புது எர்த் போட்ட பிறகுதான் விளக்கு பச்சையானது. ஷோரூமில் கொடுத்த விலைப்பட்டியலில் இந்தச் செலவு இல்லை.

பட்டியலில் இருப்பதற்கு வருவோம்.

(காட்சி: கரும்பலகையில் சாக்பீஸ் கணக்கு.)

ஒரே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார், அதன் பாட்டரியால், 3 லட்சம் ரூபாய் கூடுதல் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. மின்சாரக் காருக்கு 5 சதவீதம் அப்படியே நிற்கிறது. அதனால் இந்த இடைவெளி முன்பைவிட உறுத்துகிறது.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் ஓடும் என்றால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 70 காசு. மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 6 கிலோமீட்டர் ஓடும். முதல் 100 இலவச யூனிட்டை வீடே தின்றுவிடும், காருக்கு மேல்படி விலைதான். யூனிட் 9 ரூபாய் என்று போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் சுமார் 5 ரூபாய். மூன்று லட்சத்தை எடுக்க 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

"வயல் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம்தானே, அங்கே செருகினால் என்ன?" என்று சித்தப்பா கேட்டார். அது பாசனத்துக்கு மட்டும், சித்தப்பா. காரைச் செருகுவது விதிமீறல். (டெல்டாவில் இதைக் கேட்காதவர் யார்?)

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிக்காட்டும் டாக்ஸி நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடினாலே இரண்டு வருடத்தில் கூடுதல் விலை திரும்பிவிடும். அவர் தயங்க வேண்டியதில்லை. சித்தப்பாவோ வயல், கடைத்தெரு, எப்போதாவது தஞ்சாவூர் என்று தினம் 25 கிலோமீட்டர்தான். அவருக்கு ஆறரை வருடம் ஆகும். ஏமாந்துவிட்டார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

(காட்சி: வீட்டின் உள்கூடத்தில் நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மண் குதிர், இப்போது காலி.)

அவர் கணக்கு வேறு. சம்பா அறுத்து நெல் போட்ட பணம் மொத்தமாக வரும். பெட்ரோல் காசு ஆண்டு முழுவதும் சட்டைப்பையிலிருந்து சிந்திக்கொண்டே இருக்கும். கையில் ஒன்றுமில்லாத ஐப்பசியிலும் சிந்தும். பாட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, வரும் வருடங்களின் எரிபொருளை அறுவடையன்றே குதிரில் கொட்டிவைப்பது போன்றது. பல நிறுவனங்கள் பாட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தருவதால், குதிர் அதுவரை தாங்கும் என்று நம்பலாம். ஆனால் அந்த மூன்று லட்சமும் கடன் என்றால் வட்டி என்கிற எலி அடியில் ஓட்டை போட்டுவிடும். கடனில் வாங்குகிறவர், தினம் 25 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இதை வாங்கவே கூடாது என்பேன்.

மொத்தமாகக் கொடுக்க முடியாதவருக்குக் குத்தகை முறையும் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் வந்த எம்ஜி விண்ட்சர் மின்சாரக் கார், பாட்டரியோடு 13.50 லட்சம், பாட்டரி வாடகை என்றால் 9.99 லட்சம், அதோடு கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு. அந்த அறிமுக விலைப்படி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் வாடகையே பாட்டரி விலையைத் தொட்டுவிடும். நிலக் குத்தகை தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

(காட்சி: சாய்ந்த தென்னைகள், மழை.)

கணக்கில் அடங்காத ஒன்று புயல். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சித்தப்பா அதை மறக்கவில்லை. வானொலியில் புயல் சின்னம் என்ற சொல் வந்தால் போதும், அன்றிரவே காரை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கோயில் மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை விற்கச் சொன்னேன். அது கொட்டகையிலேயே இருக்கட்டும் என்கிறார்.