மக்கள் எதிர்க்கும்போதும் தலைவர்கள் நட்பு நாட்டின் பக்கம் நிற்பது ஏன்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “2003-இல் ஸ்பெயின் மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஈராக் போரை எதிர்த்தார்கள். ஆனாலும் அந்நாட்டு அரசு அமெரிக்காவின் பக்கமே நின்றது. 2025-இல் காஸாவில் இஸ்ரேல் நடத்திய போரை அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனாலும் ஆயுதங்கள் தொடர்ந்து போயின. அப்படியானால் மக்கள் கருத்துக்கு என்னதான் மதிப்பு? தலைவர்கள் யாருக்காக ஆட்சி செய்கிறார்கள்?”

இது கோபத்தில் கேட்கப்பட்ட கேள்வி. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ‘மக்கள் கருத்துக்கு மதிப்பே இல்லை’ என்ற முடிவுக்கு நாம் உடனே போய்விடக் கூடாது. என் பதில் இதுதான்: எத்தனை விழுக்காட்டினர் எதிர்த்தாலும் அந்த எதிர்ப்பு தானாக அதிகாரமாக மாறுவதில்லை. அது அரசுக்குள் நுழைவதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் சில நாடுகளில் திறந்திருக்கிறது, சிலவற்றில் சாத்தப்பட்டிருக்கிறது, வேறு சிலவற்றில் காலம் கடந்த பிறகே திறக்கிறது. ஈராக் போரின்போது மூன்று நாடுகளில் நடந்ததைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

முதலில் தலைவர்களின் பக்கத்தை அவர்களுக்கு உரிய நியாயத்தோடு சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் 2002 ஜூலை 28 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அனுப்பிய குறிப்பு, “எது வந்தாலும் நான் உங்களோடு இருப்பேன்” என்ற பொருளில்தான் தொடங்கியது. ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்து 2016-இல் வெளியான சில்காட் விசாரணை அறிக்கையின் வழியாக அது உலகுக்குத் தெரிய வந்தது. அவருடைய கணக்கு என்னவென்றால், பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்கள் சுமக்கும் ஏவுகணைகள் அமெரிக்காவிலிருந்து வருகின்றன, உளவுத் தகவல்களை இரு நாடுகளும் பல பத்தாண்டுகளாகப் பகிர்ந்துகொள்கின்றன, ஆகவே நெருக்கடியான நேரத்தில் விலகி நின்றால் அந்த உறவு முழுவதும் பலவீனமாகும் என்பதுதான். மக்கள் கண்முன் இருக்கும் போரைப் பார்க்கிறார்கள். தலைவரோ அடுத்த முப்பது ஆண்டு உறவைப் பார்ப்பதாகக் கருதுகிறார். இந்தக் கணக்கை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் நாடாளுமன்றத்தைக் கேட்பதற்கு ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு முன்பே, மக்களுக்குத் தெரியாமல், இன்னொரு நாட்டின் தலைவருக்கு அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

2003 பிப்ரவரி 15 அன்று லண்டனில் போருக்கு எதிராகத் திரண்டவர்கள் காவல்துறையின் கணக்கிலேயே ஏழரை லட்சம் பேர். ஐ.நா.வின் ஒப்புதல் இல்லாமல் போருக்குப் போகக் கூடாது என்பதே அன்று பெரும்பான்மைக் கருத்தாக இருந்தது. இருந்தும் மார்ச் 18 அன்று நாடாளுமன்றம் போருக்கு ஆதரவாக 412-க்கு 149 என்ற கணக்கில் வாக்களித்தது. பிளேரின் சொந்தக் கட்சியில் 139 பேர் போருக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள்; மூத்த தலைவர் ராபின் குக் அதற்கு முந்தைய நாளே அமைச்சரவையிலிருந்து விலகினார். ஆனால் பிரதான எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி அரசோடு சேர்ந்து வாக்களித்துவிட்டது. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பக்கம் நின்றுவிட்டால், எதிர்க்கும் குடிமகன் தன் வாக்கை எங்கே கொண்டுபோய்ப் போடுவான்? லிபரல் டெமாக்ரட் கட்சி போரை எதிர்த்தது என்றாலும் ஆட்சி அமைக்கும் வலிமை அதற்கு இல்லை. படைகள் ஈராக்கிற்குள் நுழைந்ததும் மக்களில் கணிசமானவர்கள் தங்கள் வீரர்களின் பின்னால் நிற்கத் தொடங்கினார்கள், கருத்துக்கணிப்புகளும் திசை மாறின. 2005 தேர்தலில் பிளேரின் பெரும்பான்மை 167-லிருந்து 66-ஆகச் சுருங்கியது உண்மை. ஆனால் ஆட்சி அவரிடமே இருந்தது. வெளியுறவு விஷயத்தில் மக்கள் எவ்வளவு உறுதியான கருத்து வைத்திருந்தாலும், வாக்குச்சாவடிக்குள் போகும்போது வேலையும் மருத்துவமும் பள்ளியும் முன்னால் வந்து நிற்கின்றன. தலைவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இனி துருக்கிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் மையமே இந்த நாடுதான். ஆனால் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

வடக்கிலிருந்து ஈராக்கைத் தாக்க அமெரிக்காவுக்குத் துருக்கி மண் தேவைப்பட்டது. 62,000 அமெரிக்கப் படையினர் அங்கே இறங்க அனுமதி வேண்டும் என்பது கோரிக்கை. அதற்கு ஈடாகப் பல நூறு கோடி டாலர் உதவி பேசப்பட்டது. 2001-இல் கடும் நிதி நெருக்கடியில் விழுந்து எழுந்துகொண்டிருந்த நாட்டுக்கு அது சாதாரணத் தொகை அல்ல. அப்துல்லா குல் தலைமையிலான அரசு, தயக்கத்தோடு என்றாலும், அனுமதி கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. ஆளும் கட்சியின் தலைவர் எர்டோகனும் அதை ஆதரித்தார். மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் போரை எதிர்த்தார்கள். இதுவரை கதை ஸ்பெயினைப் போலத்தான் இருக்கிறது.

வேறுபாடு எங்கே வருகிறது என்றால், அந்நிய நாட்டுப் படைகள் துருக்கி மண்ணில் தங்குவதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி கட்டாயம் என்று அந்நாட்டு அரசமைப்பின் 92-ஆவது பிரிவு சொல்கிறது. பிரதமர் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. 2003 மார்ச் 1 அன்று, தலைநகர் அங்காராவில் பல்லாயிரக்கணக்கானோர் போரை எதிர்த்துத் திரண்டிருந்த வேளையில், மூடிய கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 264, எதிராக 250, நடுநிலை 19. அவைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 267 வாக்குகள் தேவை. தீர்மானம் நிறைவேறிவிட்டது என்றே முதலில் செய்தி பரவியது; பிறகுதான் மூன்று வாக்குகள் குறைவு என்பது தெளிவானது. அவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடங்களை வைத்திருந்த ஆளும் கட்சி, தன் உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களில் பலர் தங்கள் தொகுதி மக்களின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். துருக்கிக் கடலோரத்தில் காத்திருந்த அமெரிக்கக் கப்பல்கள் படைத் தளவாடங்களோடு குவைத்தை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. மூன்று வாரம் கழித்து, மார்ச் 20 அன்று, அமெரிக்க விமானங்களுக்கு வான்வழியைத் திறந்துவிட அதே நாடாளுமன்றம் அனுமதித்தது. போர் நிற்கவுமில்லை. ஆனால் தங்கள் மண்ணிலிருந்து அந்தப் போர் தொடங்கக் கூடாது என்று மக்கள் விரும்பினார்கள், அது தொடங்கவில்லை. பிரிட்டனிலும் வாக்கெடுப்பு நடந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது. ஆனால் அங்கே எதிர்க்கட்சியும் அரசோடு இருந்தது, ஆளும் கட்சி தன் உறுப்பினர்களை வற்புறுத்தியது. துருக்கியிலோ எதிர்க்கட்சி முழுவதுமாக எதிர்த்தது, ஆளும் கட்சி உறுப்பினர்களுக்குச் சுதந்திரம் இருந்தது. சட்டத்தில் வாசல் இருப்பதோடு, அதன் வழியே நடந்துபோக ஆட்களும் இருக்க வேண்டும்.

ஸ்பெயினில் பிரதமர் அஸ்னார் நாடாளுமன்றத்தில் அறுதிப் பெரும்பான்மை வைத்திருந்தார். அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றும் முன்பே அறிவித்திருந்தார். அதனால் மக்கள் எதிர்ப்பு அவரைத் தனிப்பட்ட முறையில் தொடவில்லை. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து நடந்த தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. போரை ஆதரித்ததற்கான தண்டனை என்று மட்டும் இதைச் சொல்வது சரியல்ல. குண்டு வைத்தது பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டா என்று அரசு விடாமல் வலியுறுத்தியதும், விசாரணை வேறு திசையில் போனதும் மக்களின் நம்பிக்கையை உடைத்தன. புதிய பிரதமர் சபாதேரோ, பதவியேற்ற மறுநாளே ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அங்கே மக்கள் கருத்து உள்ளே நுழைய ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. இடையில் போன உயிர்கள் போனவைதான். அதன் பிறகு 2005-இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம், படைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் தேவை என்று ஆக்கியது. பிரிட்டனிலும் 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாவைத் தாக்குவதற்கான தீர்மானம் 285-க்கு 272 என்று தோற்றது. ஈராக்கின் நினைவு அந்த அவையில் கனமாக இருந்தது.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 2025 ஜூலையில் கேலப் நிறுவனம் எடுத்த கணிப்பில், காஸாவில் இஸ்ரேலின் இராணுவ நடவடிக்கையை ஏற்றவர்கள் 32 விழுக்காடு, ஏற்காதவர்கள் 60 விழுக்காடு. ஆனால் குடியரசுக் கட்சியினரில் 71 விழுக்காட்டினர் ஏற்றார்கள், ஜனநாயகக் கட்சியினரில் 8 விழுக்காட்டினரே ஏற்றார்கள். ஆக, ஆட்சியில் இருந்த குடியரசுக் கட்சிக்குத் தன் சொந்த வாக்காளர்களிடமிருந்து நெருக்கடியே இல்லை. அதே மாதம் 30-ஆம் நாள், இஸ்ரேலுக்குத் துப்பாக்கிகள் விற்பதைத் தடுக்கும் தீர்மானத்துக்கு நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 27 வாக்குகள்தான் கிடைத்தன, எதிராக 70. அந்த 27 பேரும் ஜனநாயகக் கட்சி அணியினர், அந்த அணியில் அவர்கள் பாதிக்கு மேல். கருத்து மாறியிருப்பது அவைக்குள்ளும் தெரிகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டுமே.

சரி, பெரும்பான்மை கிடைத்திருந்தால் விற்பனை நின்றிருக்குமா? அங்கேதான் பூட்டு இருக்கிறது. ஆயுத விற்பனையைத் தடுக்க இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றினாலும் அதிபர் அதை மறுத்துத் திருப்பி அனுப்பலாம். அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019-இல் சவுதி அரேபியாவுக்கான ஆயுத விற்பனையில் இதுதான் நடந்தது: இரு அவைகளும் வேண்டாம் என்றன, அதிபர் டிரம்ப் மறுத்தார், செனட்டால் அதை மீற முடியவில்லை. துருக்கியில் அனுமதி கிடைத்தால்தான் காரியம் நடக்கும். அமெரிக்காவில் மிகப் பெரிய பெரும்பான்மை எதிர்த்தால்தான் காரியம் நிற்கும். ஒரே மக்கள் கருத்து இந்த இரண்டு ஏற்பாடுகளில் இரண்டு விதமான முடிவுகளைத் தரும்.

அப்படியானால் தலைவர் எப்போதும் மக்கள் கருத்தின் பின்னாலேயே போக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்றே சொல்வேன். 1940-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிரிட்டனுக்கு உதவ நினைத்தபோது அமெரிக்க மக்கள் போருக்குள் இழுக்கப்படுவதை விரும்பவில்லை. அவர் 1940 டிசம்பர் 29 அன்று வானொலியில் மக்களிடம் நேரடியாகப் பேசினார், காரணங்களைச் சொன்னார், பிறகு அந்த உதவிக்கான மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் முன் வைத்தார். பல வாரம் கடுமையான விவாதம் நடந்து, 1941 மார்ச்சில் அது சட்டமாயிற்று. எதிர்த்தவர்கள் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்ய முடிந்தது. மக்களுக்கு முன்னால் நடக்க ஒரு தலைவருக்கு உரிமை உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் நடக்க உரிமை கிடையாது என்பதே என் எண்ணம்.

ஆகவே கேள்வி கேட்ட நேயருக்கு நான் சொல்வது: கருத்துக்கணிப்பின் விழுக்காட்டைப் பார்ப்பதோடு, முடிவு எந்த அவையில், எந்த விதிப்படி, எந்த நாளில் எடுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். இஸ்ரேலுக்குப் பத்து ஆண்டுகளில் 3,800 கோடி டாலர் இராணுவ உதவி என்ற உடன்பாடு 2016-இல் ஒபாமா ஆட்சியில் கையெழுத்தானது. அது 2028 நிதியாண்டோடு முடிகிறது. அந்தப் பணத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்க வேண்டியது காங்கிரஸ்தான். பிரதிநிதிகள் அவையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. அந்த வேட்பாளர்களிடம் அடுத்த உடன்பாட்டுக்கான நிதி ஒதுக்கீட்டில் எப்படி வாக்களிப்பீர்கள் என்று தேர்தலுக்கு முன்பே கேட்டுப் பதில் வாங்குவது அமெரிக்க வாக்காளர்களின் கையில் இருக்கிறது.