பதினோரு அங்குலமும் கடற்காற்றும்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டண்டி நகரைத் தாண்டிக் கடலோரமாகவே போனால் ஆர்ப்ரோத் வரும். புகையில் வாட்டிய ஹேடாக் மீனுக்குப் பேர்போன சிறிய துறைமுக ஊர். அங்கே 1878-ல் தொடங்கிய கால்பந்துக் கழகத்தை ‘ரெட் லிக்டீஸ்’ என்பார்கள். இருட்டில் கரை திரும்பும் படகுகளுக்கு வழிகாட்டிய சிவப்பு விளக்கிலிருந்து வந்த பெயர்.

இந்தக் கழகத்தின் பெயரைச் சொன்னாலே, ஓர் ஆட்டத்தில் அது 36-0 என்று வென்ற கதையைத்தான் சொல்வார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் நடந்த ஒரு தகராறுதான் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுகிறது. ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோ நகரின் ரேஞ்சர்ஸ் அணியை ஆர்ப்ரோத் 4-3 என்று தோற்கடித்தது. கிளாஸ்கோக்காரர்கள் நாடாவை எடுத்து மைதானத்தை அளந்தார்கள். அகலம் 50 கஜமாவது இருக்க வேண்டும். இருந்ததோ 49 கஜம், 2 அடி, 1 அங்குலம். பதினோரு அங்குலம் குறைவு! புகார் ஏற்கப்பட்டது, முடிவு ரத்தானது. மறு ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் 8-1 என்று வென்றது. அளவுநாடாவைக் கையில் எடுத்தவர்கள் வென்றார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

இனி அந்த 36-0. அடுத்த பருவக் கோப்பையின் முதல் சுற்று, 1885 செப்டம்பர் 12. எதிரணி அபர்டீனின் பான் அக்கார்ட். இடைவேளையில் 15-0, பிற்பாதியில் இன்னும் 21. ஜாக்கி பீட்ரி மட்டும் 13 கோல் போட்டார். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கோல் என்று கணக்கு வருகிறது. ஆனால் அப்போது கோல் கம்பங்களுக்குப் பின்னால் வலை கிடையாது. அது 1891-ல்தான் வந்தது. கோல் விழுந்ததும் பந்து எங்கோ ஓடிவிடும். யாராவது தூக்கி வந்து மைதானத்தின் நடுவில் வைத்தால்தான் மறுபடி ஆட்டம். அந்த நேரத்தைக் கழித்துப் பாருங்கள், பந்து உருண்ட நேரம் எவ்வளவு குறைவு என்று புரியும். இத்தனைக்கும் ஆஃப்சைடு என்று சில கோல்கள் தள்ளுபடியாயின. ஆர்ப்ரோத் கோல் கீப்பர் மழைக்குக் குடை பிடித்து நின்றார் என்பது ஊர்க்கதை. அதே நாளில், அதே கோப்பையில், டண்டி ஹார்ப் அணி அபர்டீன் ரோவர்ஸை 35-0 என்று அடித்தது. ஒரே ஒரு கோலில் சாதனை கைநழுவியது, பாவம்.

ஆர்ப்ரோத்தின் கேஃபீல்ட் மைதானம் கடலை ஒட்டியே இருக்கிறது. ஓதம் ஏறும்போது மதிலுக்கும் அலைக்கும் இடையே சில கஜம்தான். குளிர்காலப் புயலில் அலை மதிலைத் தாண்டித் தெறிக்கும். அங்கே டாஸ் வெறும் சம்பிரதாயம் இல்லை, எந்தப் பாதியில் காற்று நம் பக்கம் என்ற கணக்கு. எதிர்க்காற்றில் கோல் கிக்கை உயரத் தூக்கினால், பந்து அந்தரத்தில் தயங்கி உதைத்தவர் பக்கமே திரும்பும். அதனால் தரையோடு, பக்கத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரருக்குக் கொடுப்பதுதான் உத்தமம். காற்று முதுகில் இருந்தால் வேறு தொல்லை. முன்னால் தூக்கிப் போடும் பந்து யார் காலுக்கும் எட்டாமல் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். புதிதாக வரும் அணிகள் சாதகமான பாதியை இப்படித்தான் வீணடிக்கும். ஃப்ரீ கிக்குக்கு வைத்த பந்தும் தானாக உருளும். அது அசையாமல் நின்றால்தான் உதைக்கலாம் என்பதால், குனிந்து குனிந்து வைக்க வேண்டியதுதான்.

இந்தக் காற்றில் பழகிய அணி, டிக் கேம்ப்பெல் பயிற்சியில், 2021-22 பருவத்தில் ஸ்காட்லாந்து லீக்கின் இரண்டாம் அடுக்கின் உச்சிக்கே போய்விட்டது. வீரர்களில் பெரும்பாலோர் பகுதிநேரக்காரர்கள். பகலில் வேறு வேலை, மாலையில் பயிற்சி. பட்டத்தை முடிவுசெய்த ஆட்டம் ஏப்ரல் 22 அன்று கில்மார்னாக்கில் நடந்தது. ஆர்ப்ரோத் முன்னிலை பெற்றும், கடைசி நிமிடங்களில் 2-1 என்று கோட்டை விட்டது. மேலடுக்குக்கான தகுதிச் சுற்றில் இன்வர்னஸுடன் இரண்டு ஆட்டங்களும் கோலில்லாமல் முடிய, பெனால்டியில் தோற்றது. 2024-ல் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. மறு வருடமே அந்த லீக்கை வென்று ஏறி வந்துவிட்டது.