வேண்டாத துளிக்கு சார்ஜ் கொடுத்தா என்ன? – நேயர் சந்தேகம்

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "கன்டினியூயஸ் இங்க்ஜெட்ல அச்சாகற துளி கொஞ்சம்தான், மீதியெல்லாம் கட்டருக்குள்ள விழுந்து டேங்க்குக்கே திரும்பிடுது. அச்சாகற துளிக்கு சார்ஜ் கொடுத்து வளைக்கறதுக்குப் பதிலா, வேண்டாத துளிக்கு சார்ஜ் கொடுத்து ஒதுக்கிட்டா, அச்சு இன்னும் துல்லியமா வருமே?"

ரொம்ப நல்ல கேள்வி. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: கன்டினியூயஸ் இங்க்ஜெட்னா, மை நிக்காம பீச்சி துளித்துளியா உடையும், துளிக்கு மின் சார்ஜ் கொடுத்து வளைச்சு அச்சடிப்பாங்க; கட்டர் (gutter)னா அச்சாகாத துளியைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பற வாய். ரெண்டு நாளா இதையே யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

முதல்ல நேர் பதில். தேதி, பேட்ச் நம்பர் அடிக்கிற மெஷின்ல பெரும்பாலும் நாசில், அதாவது மை வெளிய வர்ற துளை, ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒரே ஜெட்டை வச்சு 7 புள்ளி, 16 புள்ளி உயரத்துக்கு எழுத்து வரணும். அதனால ஒவ்வொரு துளிக்கும் வேற வேற அளவு சார்ஜ் கொடுத்தாகணும். சார்ஜ் கூடக்கூட துளி மேல மேல விழும். பொருள் குறுக்க நகர்றதால எழுத்து பக்கவாட்டுல நீளும். சார்ஜ் இல்லாத துளி நேரா கட்டருக்குள்ள. இதுல இன்னொரு லாபம், சார்ஜ் சர்க்யூட் செத்துப்போனாலும் மை முழுக்க கட்டருக்குத்தான் போகும். நீங்க சொல்றபடி இந்த அச்சு ஹெட்ல சார்ஜ் முறையைத் தலைகீழா மாத்தினா, சர்க்யூட் போன அடுத்த நொடி மை எல்லாம் பொருள் மேல.

ஆனா நீங்க சொல்ற ஹெட்டும் நிஜமாவே இருக்கு. நூற்றுக்கணக்கான நாசில் வரிசையா இருக்கிற பைனரி ஹெட்ல சார்ஜ் ஏறின துளி கேட்சருக்கு (கட்டர் மாதிரிதான்) போகும், சார்ஜ் இல்லாதது நேரா காகிதத்துல விழும். உங்க காரணம்தான் அங்கயும். சார்ஜ் ஏறின துளிங்க ஒண்ணை ஒண்ணு தள்ளும், சார்ஜ் இல்லாததுக்கு அந்தத் தொல்லை குறைவு. நாசிலுக்கு ஒரு புள்ளி போதுங்கறதால வளைக்கிற அளவும் ஒண்ணே போதும்.

சரி, இதோட பதில் முடிஞ்சது. ஆனா எந்தத் துளிக்கு சார்ஜ்னு கேக்கறதை விட, மை எங்க உடைஞ்சு துளியாகுதுன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். தொடர்ந்து பாக்கறவங்க "மறுபடியும் இதுவா"ன்னு சிரிப்பீங்க. பரவால்ல, ஹெட்டோட டிசைனே இந்த ஒரு புள்ளியைச் சுத்தித்தான் இருக்கு.

60 மைக்ரான் நாசில்னு வைங்க. 3 பார் வாக்குல பிரஷர், மை நொடிக்கு 20 மீட்டர் வேகத்துல நூல் மாதிரி வெளிய வருது. பின்னாடி பீசோ, அதாவது வோல்ட்டேஜ் கொடுத்தா அதிர்ற படிகம், 64 கிலோஹெர்ட்ஸ்ல அதிருது. 20 மீட்டரை 64,000-ஆல வகுத்தா துளிக்குத் துளி இடைவெளி 312 மைக்ரான், அதாவது நூல் தடிமனைப் போல 5 மடங்கு. 1878-லயே இயற்பியலாளர் ராலே கணக்குப் போட்டுச் சொன்னது, இந்த இடைவெளி சுமார் 4.5 மடங்கா இருந்தா நூல் சீக்கிரமா உடையும்னு. 3.14 மடங்குக்குக் கீழ போனா உடைப்பு வளரவே வளராது. அதனால நாசிலை மாத்தறப்போ ஃப்ரீக்வென்சியையும் வேகத்தையும் சேர்த்தே பாக்கணும். இந்தக் கணக்குல துளி 120 மைக்ரான் விட்டம், நாசிலைப் போல ரெண்டு மடங்கு.

இப்ப சார்ஜ். மை மின்சாரம் கடத்தும், எர்த்தோட சேர்ந்திருக்கு. நூல் பக்கத்துல இருக்கிற சார்ஜ் எலக்ட்ரோடுல 150 வோல்ட் வந்தா, நூலோட நுனிக்கு எதிர் சார்ஜ் ஓடி வரும். அந்த நேரம் பாத்துத் துளி அறுந்தா சார்ஜ் அதுக்குள்ள மாட்டிக்கும். அறுபடறதுக்கு முன்னாடி வோல்ட்டேஜ் இறங்கிட்டா சார்ஜ் மைக்குள்ளயே திரும்பிடும். அறுந்தப்புறம் வோல்ட்டேஜ் வந்து பிரயோஜனமில்ல. ஆக, அறுபடற இடம் எலக்ட்ரோடு இடுக்குக்குள்ள இருக்கணும், அறுபடற கணம் வோல்ட்டேஜ் பல்ஸ் நிலையா நிக்கிற நேரத்துல விழணும். ஒரு சுற்று வெறும் 15.6 மைக்ரோசெகண்ட். மெஷின் அதைப் பல துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுலயும் சின்ன டெஸ்ட் பல்ஸ் விட்டுப் பாக்குது. எந்தெந்தத் துண்டுல சார்ஜ் ஒழுங்கா ஏறுதோ அதுங்களுக்கு நடுவுல இருக்கறதை எடுத்துக்குது. "ஃபேஸ் எர்ரர்"னு ஸ்கிரீன்ல வந்தா, அந்த நடு கிடைக்கலன்னு அர்த்தம்.

பீசோ வோல்ட்டேஜ்தான் இதுல பெரிய ஆட்டக்காரன். ஏத்த ஏத்த அறுபடற இடம் நாசிலை நோக்கி மேல வரும். ஒரு அளவு தாண்டினா திரும்பக் கீழ இறங்கும். "சரியா அடிக்கல, வோல்ட்டேஜை ஏத்து"ன்னு ஏத்திக்கிட்டே போறவங்க இங்கதான் மாட்டறாங்க.

துளிக்கும் துளிக்கும் நடுவுல ஒரு மெல்லிய இழை இருக்கும், அது தனியா அறுந்து பொடித்துளி ஆகும். இழை முதல்ல பின்பக்கம் அறுந்தா பொடித்துளி வேகமாப் போய் முன்துளியோட சேர்ந்துடும். அதோட சார்ஜும் உரிய இடத்துக்கே போச்சு, கவலையில்ல. முன்பக்கம் முதல்ல அறுந்தா வேகம் குறைஞ்சு பின்துளியோட சேரும். ஒருத்தரோட சார்ஜ் இன்னொருத்தருக்கு, எழுத்துல புள்ளி தவறி விழும். எதோடயும் சேராமப் போச்சுன்னா இன்னும் மோசம். எடை கம்மி, அதுக்கு சார்ஜ் அதிகம், அதனால துளியை வளைக்கிற டிஃப்ளெக்‌ஷன் பிளேட் மேலயே போய் ஒட்டும். அங்க பல கிலோவோல்ட் இருக்கு. மை படிஞ்சா ஸ்பார்க், உடனே ஹைவோல்ட்டேஜ் ட்ரிப். பிளேட்டைத் தொடைச்சுத் தொடைச்சு ஓட்டறவங்க ஒரு தடவை ஸ்ட்ரோப் லைட்டுல இழையைப் பாருங்க. ஸ்ட்ரோப் துளி ஃப்ரீக்வென்சியோட சேர்ந்து மின்னறதால துளியெல்லாம் அசையாம நிக்கிற மாதிரி தெரியும். லென்ஸ் வச்சா பொடித்துளி எந்தப் பக்கம் சேருதுன்னே தெரிஞ்சுடும்.

மை கெட்டியானாலும் அறுபடற இடம் கீழ தள்ளிப்போகும். கெட்டியாகறதுக்குப் பெரிய காரணம் கட்டர்தான். கட்டர் மையை மட்டும் இழுக்கல, கூடவே காத்தையும் இழுக்குது. அந்தக் காத்து மையில இருக்கிற எம்ஈகே சால்வென்ட்டோட ஆவியைக் கூட்டிக்கிட்டுப் போயிடும். நம்ம கணக்குல நிமிஷத்துக்கு 3.4 மில்லி மை இப்படிச் சுத்துது. ஒண்ணுமே அடிக்காம சும்மா ஓடினாலும் மேக்கப் (ஆவியானதை ஈடுகட்ட ஊத்தற சால்வென்ட்) குறையறது இதனாலதான். கட்டர் வாக்குவத்தைத் தேவைக்கு மேல வச்சா செலவு கூடும், ரொம்பக் குறைச்சா மை வெளிய வழியும்.

கடைசியா ஒண்ணு. ஹெட்டை சால்வென்ட் போட்டுக் கழுவினதும் ஜெட்டை ஸ்டார்ட் பண்ணாதீங்க. எலக்ட்ரோடு இடுக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்குலதான் இருக்கும், உள்ள ஈரம் தங்கினா சார்ஜ் எர்த்துக்கு ஓடிடும், அதுவும் ஃபேஸ் எர்ரராத்தான் காட்டும். நாசிலைக் குறை சொல்லிக் கழட்டறதுக்கு முன்னாடி, அந்த இடுக்கு காஞ்சிருக்கான்னு பாத்துக்கோங்க.