ஒரு வீடு, மூன்று நகரங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் தங்கள் வாதத்தை அழுத்தமாக எடுத்துவைத்த எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"மக்கள் வாழ்வுக்கு உகந்த வளர்ச்சி, அடுத்தடுத்த நகரங்கள் சேர்ந்து வளர்வதிலா, ஒரு பெருநகரம் மேலும் மேலும் பெருகுவதிலா?" என்பது இன்றைய கேள்வி. சேர்ந்து வளரும் நகரங்களின் பக்கம் நின்று பேசுகிறேன். ஈரோட்டில் ரயில் ஏறினால் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் திருப்பூர். அங்கிருந்து இன்னொரு 50 கிலோமீட்டரில் கோவை. இந்த மூன்றையும் ஒரு பக்கமும் சென்னையை மறு பக்கமும் வைத்துத்தான் என் வாதம் அமையும். கோவையும் ஒரு பெருநகரம்தானே என நண்பர்கள் கேட்கக்கூடும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோவை நகரத் தொகுதியின், அதாவது நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த பகுதியின், மக்கள்தொகை சுமார் 21 லட்சம், திருப்பூர் 9.6 லட்சம், ஈரோடு 5.2 லட்சம். மூன்றையும் கூட்டினாலும் 36 லட்சம்தான். சென்னையோ தனியொரு தொகுதியாகவே 86 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

நடுவர் அவர்களே, ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையே இருக்கும் ஊத்துக்குளியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்மணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் என்ற தையல் இயந்திரத்தில் தைக்கிறார். அவருடைய கணவர் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகன் கோவை பீளமேட்டில் பொறியியல் படிக்கிறான். விடியற்காலை அந்த வீட்டில் மூன்று டிபன் பாக்ஸ்கள் வரிசையாக நிற்கும். ஒன்று கிழக்கே போகும், இரண்டு மேற்கே போகும். இரவு எட்டரை மணிக்குள் மூன்றும் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். அவர்கள் வாடகைக்குக் குடியிருக்கவில்லை. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில்தான் இருக்கிறார்கள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நகரங்களின் சம்பளமும் படிப்பும் அந்த ஒரே வீட்டுக்கு வந்து சேர்கின்றன. அதற்காக யாரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதில்லை. சேர்ந்து வளர்தல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த நகரங்கள் ஒன்றையொன்று பார்த்து அதையே செய்து வளரவில்லை, ஒன்றுக்கு இல்லாததை மற்றொன்று செய்து வளர்ந்தன. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது. பின்னர் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபோது ஆலைகள் பெருகின. ஆலைக்கும் கிணற்றுக்கும் வேண்டிய இயந்திரங்களைச் செய்யப் பட்டறைகள் எழுந்தன. திருப்பூர் பின்னலாடையைப் பிடித்துக்கொண்டது. ஈரோடு மஞ்சளுக்கும் ஜவுளிச் சந்தைக்கும் பெயர் பெற்றது. இடையில் சோமனூரும் பல்லடமும் விசைத்தறியைக் கையில் எடுத்தன. ஒரு பனியனின் வழியை மட்டும் பாருங்கள். கோவைச் சுற்றுவட்டாரத்து ஆலையில் பஞ்சு நூலாகிறது, திருப்பூர் நிட்டிங்கில் அது துணியாகிறது, பெருந்துறைப் பக்கத்துச் சாயப்பட்டறையில் நிறம் ஏறுகிறது, மறுபடியும் திருப்பூருக்கு வந்து கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங், அயர்னிங் என்று கை மாறி, அட்டைப்பெட்டிக்குள் போய்த் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி ஏறுகிறது. காலையில் ஓர் இயந்திரத்தின் பல்சக்கரம் தேய்ந்து நின்றால், கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கி, மாலை ஷிப்டுக்கு மாட்டிவிடலாம். பெருநகரத்தில் இவையெல்லாம் ஒரே எல்லைக்குள் இருந்தாலும், நெரிசலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வர அதே அரை நாள் தேவைப்படுகிறது.

எதிரணித் தலைவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். விமான நிலையம், பெரிய மருத்துவமனை, உயர் ஆய்வுக்கூடம் ஆகியவற்றைத் தாங்கும் ஆள்பலம் பெருநகரத்துக்குத்தானே உண்டு என்றார். தனித்தனியாகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஈரோடு தனக்கென்று ஒரு விமான நிலையத்தைத் தாங்காது, திருப்பூரும் தாங்காது. ஆனால் கோவை விமான நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டு வணிகர் எத்தனையோ பேர் நேரே திருப்பூருக்குத்தான் காரில் போகிறார்கள். ஈரோட்டு நோயாளி கோவையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மறுவாரம் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறார். ஒரு நகரத்தின் வசதி பக்கத்து நகரங்களுக்கும் பயன்படும்போது, பெருநகரம் தரும் பலன் இங்கேயும் கிடைத்துவிடுகிறது.

அந்தப் பலனுக்குப் பெருநகரம் கேட்கும் விலையையும் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனதை நாம் மறந்துவிடவில்லை. அதற்கு முன்பே கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி நீர் குழாய் வழியாக அந்த நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்கே ஆண்டுகள் முன்பு, 2015இல், அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2023 டிசம்பரில் மறுபடியும் மூழ்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுருக்கிச் சுருக்கி வீடும் சாலையும் கட்டியபின் மழைநீர் எங்கே போகும்? சென்னை மக்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே இடத்தில் இத்தனை பேரைக் குவித்தது அவர்கள் செய்த தவறும் அன்று. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசு முடிவு செய்தது. அப்படி விரியும்போது உள்ளே வரும் ஊர்கள் தங்கள் தொழிலையும் பெயரையும் மெல்ல மெல்ல இழந்து, ஒரு மையத்தைப் பார்த்து நிற்கும் புறநகர்களாகிவிடுகின்றன.

எதிரணியின் இளம் தோழி சொன்ன ஒரு வாதம்தான் என் நெஞ்சைத் தைத்தது. "பெருநகரம் யாருடைய மகள் என்று கேட்காது, சாதியை விசாரிக்காது, சிறு நகரத்தில் தெருவே கண்காணிக்கும்" என்றார். இதற்கு எளிதாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் எங்கள் பகுதியில் இன்றும் வீடு வாடகைக்குக் கேட்டால் ஊரைக் கேட்கிறார்கள், ஊரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கிறார்கள். இது எங்கள் குறை, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தோழியிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வானம் பார்த்த தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்த பல்லாயிரம் பேர் திருப்பூரில் தைக்கிறார்கள். கம்பெனி வாசலில் அவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சிங்கரா, ஓவர்லாக்கா, பேட்லாக்கா?" என்பதுதான்; எந்தத் தையல் இயந்திரம் ஓட்டத் தெரியும் என்று கேட்கிறார்கள். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, சேர்ந்த பெண் சில ஆண்டுகளில் டெய்லராகி, சனிக்கிழமை தன் சம்பளத்தைத் தானே எண்ணி வாங்குகிறார். முதலாளி சரியில்லை என்றால் அவிநாசியில் ஒரு கம்பெனி இருக்கிறது, பெருந்துறையில் ஒன்று இருக்கிறது. ஒரே ஊரை நம்பியிருப்பவருக்கு இல்லாத துணிவு, பக்கத்து ஊர் இருப்பவருக்கு வருகிறது.

இன்னொன்றையும் நானே சொல்லிவிட வேண்டும், எதிரணியினர் சொல்லும்வரை காத்திருப்பது நேர்மையாகாது. அது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைக் கடந்து, திருப்பூருக்குள் நுழைந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற அந்த ஆற்றில் நாங்கள் சாயக்கழிவை விட்டோம். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவைத் தேக்கும் குளமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் உப்பாயின, தென்னைகள் கருகின. அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குத் திருப்பூர் முழுமையாகத் திரும்பியது. இதை நான் சேர்ந்து வளர்ந்ததன் குற்றமாகப் பார்க்கவில்லை. மேலே இருக்கிற நகரம் கீழே இருக்கிற ஊரைத் தன்னுடையது என்று நினைக்காமல் தனித்து வளர்ந்ததன் குற்றம் அது. தொழிலில் ஒன்றாக இருந்தவர்கள் ஆற்றில் வேறாக இருந்தார்கள்.

ஆகவே இந்த நகரங்களை ஒன்றாக எண்ணும் வழக்கம் அரசிடமும் வர வேண்டும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் எஸ்ஸன், டார்ட்மண்ட், டூயிஸ்பர்க் எனப் பல நகரங்கள் நிலக்கரியாலும் இரும்பாலும் அடுத்தடுத்து வளர்ந்தன. அவை தனித்தனி நகராட்சிகளாகவே இன்றும் இருக்கின்றன. ஆனால் 1920லேயே அவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு திட்ட அமைப்பு உண்டாயிற்று. 1980 முதல் ஒரே பயணச்சீட்டில் ரயிலிலும் டிராமிலும் பேருந்திலும் நகரம்விட்டு நகரம் போகிறார்கள். நமக்கோ, மாநகராட்சி எல்லைக்குள் 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்ற காரணத்தைக் காட்டி, கோவை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை நடுவண் அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. ஊத்துக்குளியிலிருந்து பீளமேட்டுக்கு நாள்தோறும் வருகிற மாணவன் அந்தக் கணக்கில் இல்லை. மெட்ரோ கிடைக்காவிட்டாலும், ஈரோட்டுக்கும் கோவைக்கும் இடையே அரை மணிக்கு ஒரு உள்ளூர் ரயில், மூன்று நகரப் பேருந்துகளுக்கும் செல்லும் ஒரே சீட்டு, நொய்யலுக்கு ஒரே பொறுப்பாளர் ஆகிய மூன்றும் கிடைத்தால் போதும், எங்கள் மக்கள் மீதியைத் தாங்களே உழைத்து எடுத்துக்கொள்வார்கள்.

நடுவர் அவர்களே, பொங்கலுக்கு முதல் நாள் சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் பேருந்துக்காக நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு திருப்பூரும் ஒரு கோவையும் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றும். ஊத்துக்குளியில் இப்போது மணி எட்டரை ஆகியிருக்கும். மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். அந்த வீட்டை மனத்தில் வைத்துத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.