கண்ணாடி கொண்டு வரவில்லை

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தின் எடைக் கொட்டகைக்கு வெளியே நின்று பேசுகிறேன். மூடுபனியால் படம் மங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பழம் பறிக்கும் அக்கா ஒருவரோடு காலையிலிருந்து இருக்கிறேன். மூட்டையை நிறுத்ததும் மேஸ்திரி கிலோவை நோட்டில் எழுதிக்கொள்கிறார். அக்கா முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். மூட்டைக்கு ஒரு முடிச்சு. ஆனால் முடிச்சு மூட்டையின் கணக்கைத்தான் சொல்லும், கிலோவைச் சொல்லாது. நோட்டில் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். “கண்ணாடி கொண்டாரலைன்னு சொல்லி, பக்கத்துல இருக்கறவங்களைப் படிக்கச் சொல்லுவேன் தம்பி” என்றார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

உலகில் எழுத்தறிவற்ற பெரியவர்கள் சுமார் 74 கோடிப் பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்றும் யுனெஸ்கோ கூறுகிறது. ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளைப் படிக்க விடாததால், அங்கே தடுப்பது எது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. இந்த அக்காவைத் தடுத்தது அப்படி எந்த ஆணையும் அல்ல; தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம், சேலம் மாவட்டத்தில் சுமார் 73. எழுத்தறிவு பெற்றவராகக் கணக்கில் வர, ஏழு வயது நிரம்பியவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கணக்கெடுப்பவர் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை, வீட்டார் சொல்வதையே குறித்துக்கொள்கிறார். அக்காவுக்குத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட வரும், கைநாட்டு வைப்பதில்லை. அவர் எந்தக் கட்டத்தில் குறிக்கப்பட்டிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு எண்ணும் எழுத்தும் கற்றுத்தர, 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் படிக்கத் தெரியாததை இத்தனை ஆண்டுகள் மறைத்து வந்த ஒருவர், ஊர் பார்க்க ஸ்லேட்டோடு போய் உட்காருவாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதுவும் அறுவடைக் காலத்தில், இருட்டிய பிறகு வீடு திரும்பி உலை வைக்க வேண்டியவர்.

இந்தக் காணொளியில் அவருடைய முகம் வராது, முந்தானை முடிச்சு மட்டும்தான் வரும். அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகளுக்கு இன்னும் தெரியாதாம்.