கார்கானாவும் ஆலையும்

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, என் தாத்தாவின் பழைய கடிதத்தில் 'கார்கானாவில் வேலை கிடைத்துவிட்டது' என்று இருக்கிறது. கார்கானா என்றால் என்ன? தமிழ்ச் சொல்லா?" இதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கார்கானா என்றால் தொழிற்சாலை. பாரசீகச் சொல். 'கார்' என்றால் வேலை, 'கானா' என்றால் வீடு, கூடம். ஜிம்கானாவில் இருக்கும் கானாவும் இதுதான். உருதுவிலும் இந்தியிலும் இன்றும் புழங்குகிறது, நம்மிடம்தான் பழசாகிவிட்டது. கார்மேகத்தின் கார் வேறு, இந்தக் கார் வேறு. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவுகட்டாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! இன்னொரு முறையும் சொல்கிறேன்.

சரி, 'ஆலை' என்ற சொல்லை யாராவது கேட்கமாட்டார்களா என்று நெடுநாளாகக் காத்திருக்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பஞ்சாலை, காகித ஆலை, அரிசி ஆலை என்று எல்லாவற்றுக்கும் இன்று ஆலைதான். ஆனால் பழைய வழக்கில் ஆலை என்றால் கரும்பு பிழிகிற பொறி, அது இருக்கும் இடம். "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்கிறோமே, அங்கே பஞ்சாலையை வைத்துப் பாருங்கள், பழமொழியே நிற்காது. கரும்பு ஆலை இல்லாத ஊரில் சர்க்கரைக்கு எங்கே போவது? இலுப்பைப்பூவின் தித்திப்புதான் கதி. சொல்லின் பழைய பொருள் பழமொழிக்குள் பத்திரமாக இருக்கும் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

பட்டினப்பாலையில் சோழநாட்டு வயலைப் பாடும்போது "கார்க்கரும்பின் கமழாலைத் தீத்தெறுவிற் கவின்வாடி" என்று வருகிறது. பாருங்கள், கரும்பின் நிறம் சொல்ல நம்முடைய கார் வந்து நிற்கிறது! கருப்பஞ்சாறு காய்ச்சும் ஆலையின் தீ சுட்டு, பக்கத்து வயலில் தண்ணீரில் நிற்கும் நெய்தல் பூ அழகு கெட்டு வாடுகிறதாம். தண்ணீரில் நிற்கிற பூ எப்படி வாடும் என்று கேட்பவர்கள் உண்டு.

சிறுவயதில் வெல்லம் காய்ச்சுமிடத்தில் நின்றிருக்கிறேன். காய்ந்த சக்கையை அடுப்புக்குள் தள்ளத் தள்ள அனல் திரும்பி முகத்தில் அடிக்கும். பத்தடி தள்ளி நின்றும் இமை சுட்டது. வரப்புப் புல் அடுப்புப் பக்கம் மட்டும் கருகி, மறுபக்கம் பச்சையாக இருந்தது. பின்னாளில் இந்த வரியைப் படித்தபோது, முதலில் அந்தப் புல்தான் கண்ணில் வந்து நின்றது.