பெயரை மறைத்தால் ஆட்டம் நேர்மையாகுமா?

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்கள் கூடியிருந்த அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு என் வணக்கம்.

துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டுக் கள்ளன் போலீஸ் ஆடாத பிள்ளைகள் நம் மாவட்டத்தில் குறைவு. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், கள்ளன் என்று சீட்டுகள். போலீஸ் சீட்டு எடுத்தவர் கள்ளனைக் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டை மடிக்கும் விரலின் அவசரத்தையும் உதட்டோரம் அடங்க மறுக்கும் சிரிப்பையும் பார்த்துத்தான் கள்ளனைப் பிடிப்போம். கள்ளன் சீட்டு வந்துவிட்டால் தம்பி கூரையைப் பார்ப்பான் என்பது அக்காளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து ஆட வந்த பிள்ளைக்கு அது தெரியாது. இந்த வேறுபாடு நியாயமா என்று திண்ணையில் யாரும் கேட்டதில்லை. அதே வகை ஆட்டம் இணையத்துக்குப் போனபிறகு கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆடுபவர்களின் பெயரை மறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர்.

இந்த வகை ஆட்டங்களுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் டிமித்ரி டாவிடாஃப். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராக இருந்தபோது, 1986 வாக்கில் அவர் மாஃபியா என்ற ஆட்டத்தை அமைத்தார். ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டமான கள்ளர்கள் ஒருபுறம், யார் யாரென்று அறியாத பெருங்கூட்டமான குடிமக்கள் மறுபுறம். இரவில் சிறுகூட்டம் ஒருவரைக் கொல்லும், பகலில் எல்லோரும் பேசி வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள். 1997-இல் ஆட்ட வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதர் கதையாக மாற்றினார். 2018-இல் வெளிவந்து, ஊரடங்கு நடந்த 2020-இல் உலகெங்கும் பரவிய அமாங் அஸ் என்ற இணைய ஆட்டம் வரை எலும்புக்கூடு அதுதான்.

பெயரை மறைக்க வேண்டும் என்பவர்களின் முறையீடு வலுவானது. ஒரே குழுவில் பலநாள் ஆடினால் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு முன்கதை சேர்ந்துவிடுகிறது. கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் முதல் இரவிலேயே கொல்லப்படுகிறார். அவர் செய்த குற்றம் முந்தைய ஆட்டங்களில் நன்றாக ஆடியது. சென்ற வாரம் பொய் சொல்லி வென்றவர் இந்த வாரம் உண்மை சொன்னாலும் எடுபடுவதில்லை. தோழர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள். பெண் குரல் கேட்டதும் அவரை முதலில் வெளியேற்றவோ, அளவுக்கு மீறிச் சலுகை காட்டவோ சிலர் தயாராக இருக்கிறார்கள். இவை எதற்கும் அந்த ஆட்டத்தில் நடந்தவற்றோடு தொடர்பில்லை.

இங்கே இரண்டு வேறு கேள்விகள் கலந்துவிடுகின்றன. இரு அணிகளுக்கும் வெல்லும் வாய்ப்பு சமமா என்பது ஒன்று. அணிக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறாரா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெயர் மறைப்பு விடையாகாது. மார்க் பிரேவர்மன், ஓமித் எட்டெசாமி, எல்சனன் மோசல் ஆகிய மூவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், துப்பறிவாளர் (இரவில் ஒருவர் கள்ளரா இல்லையா என்று அறிந்துகொள்ளும் பாத்திரம்) இல்லாத மாஃபியாவில் கள்ளர்களின் எண்ணிக்கை மொத்த ஆட்டக்காரர்களின் வர்க்கமூலத்தை ஒட்டிய அளவில் இருந்தாலே ஆட்டம் இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒத்துவரும் என்று காட்டினார்கள். அந்தக் கணக்கில் வரும் ஆட்டக்காரர்களுக்கு முகமோ முன்கதையோ கிடையாது. அணிகளுக்கிடையிலான சமநிலை, ஆள் எண்ணிக்கையிலும் துப்பறிவாளர் போன்ற சிறப்புப் பாத்திரங்களிலும் இருக்கிறது. பெயர் மறைப்பு தொடுவது இரண்டாவது கேள்வியைத்தான்.

அப்படியானால் எதை மறைப்பது? நேற்றைய ஆளை மறைக்கலாம். இன்றைய ஆளை மறைக்கக்கூடாது. 2014-இல் வந்த டவுன் ஆஃப் சேலம் என்ற, மாஃபியா வகை இணைய ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் புதுப்பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு ஆடலாம். அமாங் அஸ்ஸில் ஒவ்வொருவரும் ஒரு நிற உருவமாகத் தோன்றுவதால் நிறமே பெயர்போல ஆகிவிடுகிறது; சிவப்பு எங்கே நின்றது, பச்சை யாரைக் குற்றம் சாட்டியது என்றுதான் வாதம் நடக்கும். அந்தப் பெயரும் நிறமும் ஆட்டம் முடியும்வரை மாறாமல் இருப்பதால்தான் முதல் கூட்டத்தில் சொன்னதை மூன்றாம் கூட்டத்தில் எடுத்து வைத்து மடக்க முடிகிறது. அதே அமாங் அஸ்ஸில் யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை மறைக்கும் வசதியும் உண்டு. அதை இயக்கிவிட்டால் வாக்குகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரியும். பொதுத்தேர்தலில் மறைவாக்கு உயிர்போன்றது. இந்த ஆட்டத்திலோ, யார் யாருக்கு எதிராக வாக்களித்தார் என்பதே குடிமக்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல தடயம். அதை மறைப்பது கள்ளனுக்குக் கொடுக்கும் கூடுதல் கவசம். ஆட்டத்தைக் கடினமாக்க விரும்புவோர் அதைப் பயன்படுத்தட்டும். நேர்மையின் பெயரால் வேண்டாம்.

மறைப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதும் நம் மாவட்டத்தாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பல ஊர்க்காரர்கள் சேர்ந்தாடும் ஆட்டத்தில், பெயரை மாற்றி, படத்தை எடுத்துவிட்டு, குரலையும் அணைத்துவிட்டு ஒருவர் தட்டெழுதுகிறார்: "நான் அங்க நிக்கவே இல்லயாக்கும்." போதும். சென்னையிலிருந்து ஆடுபவர் "நாகர்கோவிலா?" என்று கேட்டுவிடுவார், மார்த்தாண்டத்திலிருந்து ஆடுபவரோ தக்கலையா, கருங்கலா என்றே யோசிக்கத் தொடங்கிவிடுவார். எழுத்திலேயே இப்படியென்றால் குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி வைக்கும் பழக்கமும், பதில் தர எடுத்துக்கொள்ளும் நேரமும்கூடப் பழகியவர்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அரைகுறை மறைப்பில் ஒரு புதிய அநீதி முளைக்கிறது: கூர்ந்து கவனித்துக் கண்டுபிடித்த இருவருக்கு மட்டும் முன்கதை தெரியும், மற்றவர்கள் இருட்டில் இருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்த நிலையைவிட இது மோசம் என்றே நான் கருதுகிறேன்.

இதைவிடப் பெரிய இடர், பொறுப்பு கரைந்துபோவது. பெயரில்லாதவர் தோற்கும் நிலை வந்ததும் பாதியில் வெளியேறிவிடுகிறார். வசைபாடிவிட்டு வேறு பெயரில் திரும்பி வருகிறார். ஒரே ஆள் இரண்டு கணக்குகளில் ஆடினால், அந்த இரண்டில் ஒன்று செத்தபிறகும் அது அறிந்தது மற்றொன்றுக்குத் தெரியும். இரு நண்பர்கள் ஒரே அறையில் அமர்ந்தோ, அலைபேசியில் பேசிக்கொண்டோ ஆடினால் அந்த ஆட்டம் அங்கேயே செத்துவிட்டது. இவற்றைத் தடுக்க யாராவது ஒருவருக்கு உண்மைப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

அரசுப் பொதுத்தேர்வை எண்ணிப் பாருங்கள். விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கு மாணவர் பெயர் தெரியாது. தேர்வுத் துறைக்குத் தெரியும். ஆட்டத்தை நடத்துபவர் தேர்வுத் துறையின் இடத்திலும், ஆடுபவர்கள் திருத்துபவரின் இடத்திலும் இருக்க வேண்டும் என்பதே என் நிலை. நடத்துபவரும் அறியாத மறைப்பை நான் ஏற்கமாட்டேன்.

இதற்கும் ஒரு விலக்கு சொல்வேன். ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு குழு, வெற்றி தோல்வியைப் பெரிதாக எண்ணாமல் வாராவாரம் ஆடுகிறது என்றால் அங்கே முன்கதையே ஆட்டத்தின் சுவை. தம்பி இந்த முறை வேண்டுமென்றே கூரையைப் பார்க்கிறானோ என்று அக்காள் குழம்புவது ஒரு கலை. அதைப் பறித்துவிட்டு அவர்களுக்கு நேர்மை வழங்குகிறோம் என்பது தேவையற்ற உபகாரம். அறியாதவர்கள் கூடும் இடத்திலும் பரிசு வைத்த போட்டியிலும்தான் மறைப்புக்கு வேலை.

கல்லூரிகளுக்கிடையே இத்தகைய போட்டி நடத்த விரும்புவோர் இங்கே இருப்பதால் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பதிவின்போது உண்மைப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நடத்துபவர் மட்டும் பெற்றுக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிறத்தைக் குலுக்கிக் கொடுங்கள். ஒரே கல்லூரிக்காரர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்துங்கள். குரலை அணைத்து, ஆட்டத்திலேயே உள்ள ஆயத்தச் சொற்றொடர்களை மட்டும் அனுமதித்தால் வட்டார வழக்கு வெளிப்படாது. பேச்சின் சுவை அதில் பெரிதும் குறையும், அந்த விலைக்கு ஒப்புவீர்களா என்பதை ஆடுபவர்களிடமே கேட்டு முடிவெடுங்கள். வாக்குகளைத் திறந்தே வையுங்கள். எந்த நிறத்தில் யார் ஆடினார் என்ற பட்டியலை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வெளியிட்டால் அடுத்த சுற்றுக்குள் முன்கதை மீண்டும் சேர்ந்துவிடும். ஆகவே இறுதிச் சுற்று முடிந்தபிறகு மொத்தமாக வெளியிடுங்கள்.